எழுதாதே என்று நான் சொன்ன வரி

என் மேசையில் இரண்டு திரைகள் உண்டு. ஒன்றில் வேலை பார்ப்பேன். மற்றதில் ஒரு கறுப்புச் சன்னல் எப்போதும் திறந்திருக்கும். அதில் வெள்ளை எழுத்துகள் வரி வரியாக மேலே ஏறிக்கொண்டிருக்கும். வீட்டில் சாப்பிடும்போதும் மடிக்கணினியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து அதையேதான் பார்க்கிறேன். மனைவிக்கு இது அறவே பிடிக்கவில்லை. அந்த வரிகள் ஐந்து நிமிடம் நின்றுவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இந்தப் புத்தி எனக்கு முன்பே வந்திருக்கலாம்.

நான் செண்டாயானில் ஒரு சின்னக் கம்பெனியில் நிரல் எழுதுகிறேன். கீழே டயர் கடை, மேலே நாங்கள் ஐந்து பேர், ஓர் ஏர்கோன். வீடு ராசாவில். தோட்டங்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. கோலா பிலாவிலிருந்து உள்ளே போனால் வரும் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு நாங்கள் செய்து கொடுத்தது, தனியாக நடமாடும் மண்டோர்களுக்கான, அதாவது வேலையாட்களை மேற்பார்ப்பவர்களுக்கான, கைக்கருவி. பார்க்கக் கைப்பேசிபோல இருக்கும். அங்கே பள்ளத்தில் போன் பேச லைன் நிற்காது. ஆனால் ஒரு சின்னச் செய்தி எப்படியாவது ஊர்ந்து வெளியே வந்துவிடும். அதை நம்பித்தான் அதைச் செய்தோம்.

கருவியின் திரையில் நான்கு படங்கள் மட்டும் இருக்கும். தண்ணீர்ப் போத்தல், லாரி, சிவப்புச் சிலுவை, வீடு. தோட்டத்தில் வங்காளதேசத்துக்காரர் இருக்கிறார், இந்தோனேசியர் இருக்கிறார், நேப்பாளி இருக்கிறார். எழுத்துப் போட்டால் எந்த மொழியில் போடுவது? அதனால் படம். ஒன்றை அமுக்கினால் அந்தச் செய்தி எங்கள் சர்வருக்கு வரும், சர்வர் அதைத் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் கைப்பேசிக்குத் தள்ளிவிடும், கிராணி ஆளை அனுப்புவார்.

நான்காவது படம் எங்கள் திட்டத்தில் இல்லை. குலை வெட்டு பார்க்கும் மண்டோர் ஒருவர் கேட்டு வாங்கியது அது. ஐம்பதைத் தாண்டியவர், வாய் ஓயாதவர். "தண்ணி வேணும்னா நான் எங்கயாச்சும் குடிச்சுக்குவேன் தம்பி. நான் வர நேரமானா வீட்டுக்காரி சாப்பிடாம ஒக்காந்திருப்பா. அதுக்கு ஒரு படம் போடு லா," என்றார். போட்டேன். அதை அமுக்கினால் கிராணி அவர் மனைவிக்குப் போன் போட்டு, "அவரு வர நேரமாகும், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும். மற்ற மூன்று படங்களையும்விட அதைத்தான் தோட்டத்தில் அதிகம் அமுக்கினார்கள்.

இந்த நிரலை நான் ஃபங்ஷனல் புரோகிராமிங் முறையில் எழுதினேன். அது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே கேள்விக்கு எப்போது கேட்டாலும் ஒரே பதில் சொல்லும் சின்னச் சின்னத் துண்டுகளாக எல்லாவற்றையும் எழுதுவது. அந்தத் துண்டுகள் வெளியுலகத்தைத் தொடாது. செய்தி அனுப்புவது, கோப்பில் எழுதுவது போன்ற வெளிவேலைகளை எல்லாம் ஓரத்தில் தனியாக ஒதுக்கி வைத்துவிடுவோம். அந்தச் சுத்தத்தில் எனக்குக் கர்வம் உண்டு, கொஞ்சநஞ்சமல்ல. மடி ஆசாரம் பார்ப்பவர்கள் தோற்றார்கள்.

நிரல் தான் செய்த ஒவ்வொன்றையும் எழுதிவைப்பதும் அப்படி ஓரத்தில் கிடக்கும் ஒரு வேலைதான். இன்ன நேரத்தில் இன்ன செய்தி வந்தது, இன்னாருக்கு அனுப்பினேன், சேரவில்லை, மறுபடி அனுப்பினேன் என்று எழுதிக்கொண்டே போகும். ஆனால் நிரலுக்கு 'எழுது' என்று சொல்ல மட்டுமே தெரியும். எழுதுவது வேறொரு லைப்ரரி, அதாவது வேறு யாரோ முன்பே எழுதிவைத்த தயார் நிரல். எந்த லைப்ரரி என்பதை அமைப்புக் கோப்பில் ஒற்றை வரி தீர்மானிக்கும். திரையில் எழுதுவது ஒன்று உண்டு, கோப்பில் எழுதுவது ஒன்று உண்டு, இரண்டிலும் எழுதுவது உண்டு. எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டுக்கொண்டு எதையுமே எழுதாத ஒன்றும் உண்டு. சோதனை செய்யும்போது தொணதொணப்பு வேண்டாம் என்பவர்களுக்காக அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

தலைமை ஆபீஸிலிருந்து பெரியவர்கள் தோட்டத்துக்கு வந்து பார்வையிடும் நாள் ஒன்று வந்தது. ஆபீஸில் பெரிய திரை வைத்து, படத்தை அமுக்கினால் கிராணிக்கு எப்படி வருகிறது என்று காட்ட ஏற்பாடு. பக்கத்திலேயே அந்தப் பதிவு வரிகளும் ஓடின. கிராணி முகத்தைச் சுளித்தார். "என்னா தம்பி இது, எறும்பு மாதிரி ஓடுது. பாக்குறவங்க ஏதோ கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க."

எனக்கும் அது அசிங்கமாகத்தான் பட்டது. அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த ஒற்றை வரியில், கோப்பிலும் திரையிலும் எழுதும் லைப்ரரியின் பெயரை அழித்துவிட்டு, எதையும் எழுதாத லைப்ரரியின் பெயரைப் போட்டேன். அரை நிமிட வேலை. திரை சுத்தமானது. பெரியவர்கள் பாராட்டினார்கள், மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள், போனார்கள். வீட்டுக்குப் போனதும் வரியைப் பழையபடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் காரில் ஏறினேன். மலைச்சாலையில் நல்ல மழை. மறந்துவிட்டேன்.

அதே வாரம் கிராணி புதுக் கைப்பேசி வாங்கினார். சர்வரில் பழைய கைப்பேசியின் முகவரிதான் இருந்தது. அதனால் யார் எந்தப் படத்தை அமுக்கினாலும் சர்வர், இப்போது இல்லாத ஒரு கைப்பேசிக்கு அனுப்பி, சேரவில்லை என்று திரும்பப் பெற்று, கருவி மறுபடி கேட்டதும் மறுபடியும் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் 'சேரவில்லை, எழுது' என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. பழைய லைப்ரரி இருந்திருந்தால் என் திரை சிவந்து போயிருக்கும். தோட்டத்தில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அங்கே எது நடக்காவிட்டாலும் 'லைன் இல்ல' என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. மண்டோர்கள் அப்படிச் சொன்னார்கள், கிராணியும் அப்படித்தான் சொன்னார்.

வீட்டுப் படம் கேட்ட மண்டோர் மட்டும் ஒரு மாலை எனக்குப் போன் செய்தார். "தம்பி, நான் அமுக்குறேன், வீட்டுக்கு ஒன்னும் போன் வர்றதில்லயாம். தெனமும் எனக்குத் திட்டு விழுது. கொஞ்சம் பாரு."

பார்த்தேன். பார்த்தேன் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதிவுக் கோப்பைத் திறந்து 'எர்ரர்' என்ற சொல்லைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. கடைசி வரியில் என்ன தேதி இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. நானே வாயைக் கட்டிப்போட்ட ஒன்றிடம் 'குறை உண்டா' என்று கேட்டுவிட்டு, அது சும்மா இருந்ததும் திருப்தியாகிவிட்டேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குண்ணே. லைன் பிரச்சனையா இருக்கும்," என்றேன்.

"லைனா? சரி சரி, பரவால்ல," என்று வைத்துவிட்டார்.

அதற்கு ஒன்பதாம் நாள் முற்பகலில், பன்னிரண்டாம் நம்பர் பீல்டில், அவர் தலைக்கு மேலே இருந்த குளவிக்கூடு எப்படியோ கலைந்துவிட்டது. வெட்டுக்காரர்கள் அதற்குள் அடுத்த பீல்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர் பின்தங்கி விழுந்த குலைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். குலை ஏற்ற டிராக்டர் போனபோது மணி ஒன்றரை. சட்டையைக் கழற்றி முகத்தை மூடியபடி ஒரு மரத்தடியில் கிடந்தாராம். கருவி பத்தடி தள்ளி வடிகால் கானில், சேற்றில் கிடந்தது. யாரோ அதைத் துடைத்துக் கொண்டுவந்து ஆபீஸ் மேசையின் இழுப்பறையில் போட்டார்கள். பேட்டரி செத்திருந்தது.

சாவுக்குப் போயிருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் அவர் மனைவியிடம் ஒரே ஆறுதலைச் சொன்னார்கள்: அத்தனை குளவி கொட்டினால் உடனே உயிர் போய்விடும், வேதனை தெரிந்திருக்காது. நானும் சொன்னேன்.

பதினான்காம் நாள் கிராணி என்னைத் தோட்டத்துக்கு வரச் சொன்னார். மண்டோரின் மனைவி, அந்த அக்கா, ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பதினாறாம் நாள் படையலில், இறந்தவர் கடைசியாக எதைக் கேட்டாரோ அதை வைத்தாக வேண்டும். தேத்தண்ணி கேட்டிருந்தால் தேத்தண்ணி. பேரப்பிள்ளையைக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளையைத் தூக்கிவந்து இலைக்கு முன்னால் உட்காரவைப்பார்கள். கேட்டது கிடைக்காதவர் செத்த இடத்தை விட்டு நகர மாட்டார், வீட்டுக்கும் வர மாட்டார், போகவேண்டிய இடத்துக்கும் போக மாட்டார் என்பார்கள்.

"அவரு தனியா கெடந்தாரு தம்பி. என்னா கேட்டாருன்னு யாருக்கும் தெரியல," என்றார் அக்கா. "ஒங்க மெஷினு எல்லாத்தயும் எழுதி வைக்கும்னு சொல்வாரு. அன்னிக்கு எதாச்சும் அமுக்கினாரான்னு பாத்துச் சொல்லுங்க. அத மட்டும் சொல்லுங்க, போதும்."

அவருக்கு எதிரிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். பதிவுக் கோப்பில் அந்தத் தேதியைத் தேடினேன். இல்லை. முந்தின நாளைத் தேடினேன். அதுவும் இல்லை. கோப்பின் அடிக்குப் போனேன். கடைசி வரி, பெரியவர்கள் வந்துபோன நாளின் காலை ஒன்பதேமுக்கால். அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த ஒற்றை வரியைப் பார்த்தேன். எதையும் எழுதாத லைப்ரரியின் பெயர் அப்படியே இருந்தது.

பாதியில் நின்றுபோன அந்தப் பதிவை வைத்துக்கொண்டு அவர் கூப்பிட்டார் என்றும் சொல்ல முடியாது, கூப்பிடவில்லை என்றும் சொல்ல முடியாது. இது எனக்கு அந்த நொடியிலேயே தெளிவாகத் தெரியும். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா. ஒன்னும் அமுக்கல," என்றேன்.

"அப்ப ஒடனே போயிட்டாரு."

"ஆமாக்கா."

தலையை மெல்ல ஆட்டினார். கொஞ்சம் நிம்மதி அடைந்ததுபோலக்கூட இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்து போனார்.

திரும்பும் வழியில் கோலா பிலாவில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அந்த வரியை மாற்றினேன். கோப்பில் எழுதும் லைப்ரரியின் பெயரைப் போட்டேன். அப்போதும் எழுதவில்லை. பிறகுதான் புரிந்தது: இடையில் நான் நிரலில் புதிதாகச் சேர்த்த ஒரு துணை லைப்ரரி, எதையும் எழுதாத அந்த ஒன்றைத் தானும் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. இரண்டு பேர் நின்றால் முதலில் கண்ணில் படுபவனைத்தான் நிரல் பிடித்துக்கொள்ளும். அதைத் தேடிப் பிடித்து வெளியே தள்ளி, நிரலை மறுபடி கட்டி, ஓடவிட்டேன். ஆறிப்போன தேத்தண்ணிக்கு மேலாகச் சிவப்பு வரிகள் ஓட ஆரம்பித்தன. சேரவில்லை, சேரவில்லை, சேரவில்லை. கிராணிக்குப் போன் செய்து புதுக் கைப்பேசியின் முகவரியை வாங்கிப் போட்டேன். சிவப்பு நின்றது. இத்தனைக்கும் மொத்தம் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் நடந்தது. நான் போகவில்லை. அவர் எதையும் கேட்கவில்லை என்பதால் வழக்கமானவற்றை மட்டும் இலையில் வைத்தார்களாம்.

மறுநாள் மத்தியானம் செண்டாயானில் வேலையாக இருந்தேன். கிராணியிடமிருந்து போன் வந்தது. அவர் குரல் அவர் குரலாக இல்லை.

"தம்பி, அவரு கூப்பிடுறாரு."

"யாரு?"

"அவருதான். வீட்டுப் படம். நாலு வந்திருக்கு. பேரு போட்டு வருது."

இரண்டாவது திரையைத் திரும்பிப் பார்த்தேன். நான்கு வரிகள் வந்து நின்றிருந்தன. நான்கிலும் அவர் பெயர், நான்கிலும் வீடு. அமுக்கிய நேரம் ஒரு பக்கம்: பதினொன்று பன்னிரண்டு, பதினொன்று பதின்மூன்று, பதினொன்று பத்தொன்பது, பதினொன்று நாற்பது. தேதி அவர் செத்த தேதி. கிராணிக்குச் சேர்ந்த நேரம் மறுபக்கம். அது இன்றைய தேதி, இந்த நிமிடம்.

நடந்தது இதுதான். புது மண்டோருக்குக் கொடுப்பதற்காகக் கிராணி இழுப்பறையிலிருந்த கருவியைச் சார்ஜில் போட்டிருக்கிறார். சேர்ந்தது என்று பதில் வரும்வரை செய்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அனுப்பும்படி அதை எழுதியவன் நான்தான். மாலையில் முறையாக அணைத்தால் சேராத செய்திகள் அழிந்துவிடும்; அன்று அதை யாரும் அணைக்கவில்லை, பேட்டரிதான் செத்தது. உயிர் வந்ததும் அது விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டது. இதைக் கிராணிக்கு விளக்கினேன். அவருக்கு விளங்கியது. ஆனாலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது, அவருக்கும் அப்படித்தான். அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுப் படம் வந்தா நான் அக்காவுக்குப் போன் போடணும். இப்ப போடணுமா?"

வேண்டாம் என்றேன்.

"காரியம் நேத்தே முடிஞ்சிருச்சு. அப்படியே விட்டுருங்க தம்பி. நல்லது," என்றார்.

எட்டு நாள் விட்டுவைத்தேன். நான் நினைத்தால் அந்த நான்கு வரிகளை அழிக்கலாம். கிராணி வாய் திறக்க மாட்டார். ஆனால் அவற்றை அழிக்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பதினொன்று பத்தொன்பதுக்கும் பதினொன்று நாற்பதுக்கும் நடுவே இருபத்தொரு நிமிடம் இருக்கிறது. அந்த நேரம் முழுவதும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? ஆபீஸிலிருந்து பன்னிரண்டாம் நம்பருக்கு மோட்டார் பைக்கில் பதினைந்து நிமிடம்தான். ராசாவில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நேரம்தான் நினைவுக்கு வரும். வீட்டுக் கதவைத் திறக்கும்போது பின்னால் யாரோ நிற்பதாக இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். மகள் என்னப்பா என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிளம்பிப் போனேன். அக்கா தொழிலாளர் லயத்து வீட்டில் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். சுவரில் மண்டோரின் படம், மாலை, கீழே சின்ன விளக்கு. அடுப்படியில் சோறு வடித்து வைத்திருந்தது.

"அக்கா, அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

அவர் கை நிற்கவில்லை. "எது?"

"அவரு அமுக்கினாரு. நாலு தடவ."

கை நின்றது. "எந்தப் படம்?"

"வீடு."

நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்தார். "என்னைச் சாப்பிடச் சொல்லியிருக்காரு," என்றார். "நான் ரெண்டு மணி வரைக்கும் சாப்பிடாம ஒக்காந்திருந்தேன்."

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று, "கண்ணு வீங்கியிருந்திருக்கும்க்கா. கைக்கு எது வந்துச்சோ அத அமுக்கியிருக்கலாம்," என்றேன்.

"அவருக்கு எது எங்க இருக்குன்னு தெரியும். மொத தடவ எத்தன மணிக்கு?"

"பதினொன்னு பன்னண்டு."

"கடைசி?"

"பதினொன்னு நாப்பது."

உதடுகள் அசைய மனத்துக்குள் கணக்குப் போட்டார். "ஒடனே போயிட்டாருன்னீங்க," என்றார். பிறகு, "ஏன் யாருக்கும் வரல?"

கிராணி போன் மாற்றியதைச் சொன்னேன். சேரவில்லை, சேரவில்லை என்று மெஷின் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது என்று சொன்னேன். அதை எழுதாதே என்று நான்தான் வைத்திருந்தேன் என்று சொன்னேன்.

"ஏன்?"

"பாக்க அசிங்கமா இருந்துச்சுன்னு."

அவர் எழுந்து கையைக் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். அழவில்லை, திட்டவில்லை. "படம் வேல செய்யலன்னு ஒங்களுக்குப் போன் போட்டாரு. இங்கதான் ஒக்காந்து பேசுனாரு. லைன் இல்லன்னு சொன்னீங்களாம். தம்பி பாத்துட்டுச் சொல்லுது, சரியாத்தான் இருக்கும்னாரு. என்கிட்ட சொன்னத அவருகிட்ட சொல்லுங்க."

சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அண்ணே என்று தொடங்கினேன்.

"அங்க இல்ல," என்றார் அக்கா. "கேட்டது கெடைக்காதவரு எப்படி வீட்டுக்கு வருவாரு? பன்னண்டாம் நம்பர்லதான் இருக்காரு. வெளிய வந்து சொல்லுங்க. கேக்குற மாதிரி சொல்லுங்க."

வாசலுக்கு வந்தேன். லயத்துக்கு எதிரே மண்சாலை, அதற்கு அப்பால் செம்பனை வரிசைகள், உள்ளே பகலிலும் இருட்டு. பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் செய்ததை எல்லாம் அந்த மரங்களைப் பார்த்துச் சொன்னேன். "சத்தமா," என்றார் அக்கா. மறுபடியும் முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன். அந்த வரியைச் சொன்னேன், தேடிப் பார்த்த சொல்லைச் சொன்னேன், பொய்யைச் சொன்னேன்.

"வீட்டுக்குச் சேதி வந்துருச்சுன்னு சொல்லுங்க."

"அண்ணே, வீட்டுக்குச் சொல்லியாச்சு," என்று கத்தினேன். "நாலும் வந்துருச்சுண்ணே. அக்கா சாப்பிடுறாங்க. நீங்க வாங்க."

காற்றில்லை. மரங்களில் ஒரு மட்டைகூட அசையவில்லை. திரும்பிப் பார்த்தபோது அக்கா உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, வாசற்படியில் தோட்டத்தைப் பார்த்து உட்கார்ந்து, சாப்பிடத் தொடங்கியிருந்தார். எனக்குப் போடவில்லை.